பூக்கேட்கப் போன மூன்று நாட்கள்

சிறுவாச்சூரில் பேருந்து நின்றுவிட்டது. பழுது ஒன்றும் இல்லை. முன்னால் நாற்பத்தோரு வண்டிகள் நின்றன. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எண்ணியதில் கிடைத்த கணக்கு இது. வளைவுக்கு அந்தப்புறம் நின்றவற்றைச் சேர்க்கவில்லை. மாசி மாதத்து வெயில் சாலைமேல் மஞ்சளாக விழுந்திருந்தது. தலையில் பூவும் கையில் தேங்காய்ப் பையுமாகப் பெண்கள் வண்டிகளுக்கு நடுவே, இடுப்பளவு நீரில் நடப்பவர்களைப் போல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க விசேஷம்?" என்று நடத்துநரைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைங்க. இங்க ஆத்தாவுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் டூட்டி. வெள்ளி, திங்கள்."

"மத்த அஞ்சு நாள்?"

"மலைக்குப் போயிடும்."

"யாரு பாத்தது?"

அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பெரியவருக்கு எந்த ஊரு?"

"புனே."

"அதான்," என்றார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்தபடி இருபத்தாறு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பதில் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

நான் கோயில் பார்க்க வந்தவன் இல்லை. பெரம்பலூரில் இருக்கும் என் தங்கை மங்கையர்க்கரசிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. நெஞ்சைத் திறந்து அதை மாற்ற வேண்டும் என்று திருச்சியில் மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஆயிற்று. வருகிற புதன்கிழமை மருத்துவமனையில் சேர நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். மங்கை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தா.பழூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் குலதெய்வம் செல்லியம்மனின் முன்னால் பூப்போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றாள். சிவப்புப் பூ வந்தால் அறுவை சிகிச்சை. வெள்ளைப் பூ வந்தால் வீட்டோடு இருந்துவிடுவாள்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தாறு வருடம் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில், எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்ற அட்டவணைகளோடு வாழ்ந்தவன். அப்படிப்பட்டவனின் கூடப் பிறந்தவள், தன் உயிரை இரண்டு காகிதப் பொட்டலங்களில் வைத்துப் பார்க்கப் போகிறாள். அதைத் தடுக்கத்தான் கிளம்பி வந்தேன்.

புறப்படும்போது புனேயில் மாடிவீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். கொங்கணக் கரையில் பிறந்தவர். பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். அவர் மராத்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எங்கள் ஊரில் சாமியின் இரண்டு தோளிலும் ஈரப் பூவிதழை ஒட்டிவைப்போம். வலது இதழ் விழுந்தால் செய். இடது விழுந்தால் செய்யாதே. என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்?"

"அட்டவணையை வைத்து."

"அது விழுமா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

மங்கையின் வீட்டில் வாசல் கேட்டிலிருந்து அடுப்படிவரை பதினெட்டு எட்டு. கேட்டைத் திறந்துவிட்டு என் முன்னால் நடந்தவள் ஏழாவது எட்டில் ஒருமுறை நின்றாள். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்ப்பவளைப் போல நின்றாள். பதினான்காவது எட்டில் மறுபடி நின்றாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வெறும் சுவர்.

"எண்ணாதண்ணே," என்றாள் திரும்பாமலே.

அவள் கணவர் போய் ஆறு வருடம். மகன் மஸ்கட்டில். தனி ஆளாகச் சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டு வத்தக்குழம்பு வைத்திருந்தாள். சுட்ட அப்பளம், கீரை. புனேயில் என் மருமகள் நல்ல பெண்தான். ஆனால் அவள் எந்தக் குழம்பில் புளி ஊற்றினாலும் கூடவே வெல்லமும் போடுவாள். இருபது வருடமாக அந்தத் தித்திப்பைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன். பதினோரு வெங்காயம் சாப்பிட்டிருப்பேன்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டுவிட்டேன். "நீ நர்சா இருந்தவ. ஊருக்கெல்லாம் ஊசி போட்டவ. உனக்கு எதுக்கும்மா இந்தப் பூவும் பொட்டலமும்?"

"முப்பத்துநாலு வருசம் கிராம நர்சு. அதுக்கு முன்னாடியே செல்லியம்மா இருக்காளே," என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "நீ சொல்லு. செஞ்சுக்கட்டுமா?"

இதே கேள்வியை மூன்று மாதமாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒவ்வொரு முறையும் முறையாகப் பதில் சொல்லித்தான் வந்தேன். சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். அவளுடைய வயதில், இந்த நோயோடு, இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஆயிரம் பேரில் எத்தனை பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள், செய்துகொள்ளாத ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று பொறுமையாக விளக்கினேன். மங்கை வானொலியில் வானிலை கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆயிரம் பேருல நான் எத்தனாவது ஆளு?"

"அதை அப்படிச் சொல்ல முடியாதும்மா. மொத்தமாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப அந்த ஆயிரம் பேரையும் மொத்தமாப் போயி ஆபரேசன் பண்ணிக்கச் சொல்லு," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'டக்' என்றது. அதை யாராவது சரி செய்யக் கூடாதா? அந்தச் சத்தத்திலேயே உறங்கிப்போனேன்.

பூசாரி ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்பதால் சனிக்கிழமை சும்மா இருந்தது. மங்கையே என்னைத் துரத்தினாள். "கல்லங்குறிச்சிக்குப் போயி ஒரு கும்புடு போட்டுட்டு வா. வூட்டுல உக்காந்து என் மூச்ச எண்ணிக்கிட்டு இருக்காத."

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கிளம்பினேன்.

காலைப் பனி அரியலூர்வரை கூடவே வந்தது. பருத்திக் காடுகள் வெடித்திருந்தன. பனி எங்கே முடிகிறது, பஞ்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சிமெண்ட் லாரிகள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து எங்களைக் கடந்து, பின்னாலிருந்த வெள்ளைக்குள் கரைந்தன. முதல் முறையாக எண்ணிக்கை தவறியது. முப்பதுக்கு மேல் எங்கோ விட்டுவிட்டேன்.

அரியலூரில் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ "கலியபெருமாளு!" என்று கூப்பிட்டார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். கல்லங்குறிச்சிப் பெருமாளின் பெயர் கலியுக வரதர். அந்தப் பெயரில் ஒரு துண்டை எடுத்துத்தான் இந்தப் பக்கத்தில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் கலியபெருமாள் நான்கு, கலியமூர்த்தி இரண்டு, கலியன் ஒன்று என்று சேர்ந்தது.

கோயிலில் சிலை கிடையாது. உயரமான ஒரு கல்தூண், அதுதான் பெருமாள். காணாமல் போன ஒரு பசுவைத் தேடிப் போனவர், காட்டில் விழுந்து கிடந்த இந்தக் கல்லின்மேல் அது பால் சொரிந்துகொண்டு நின்றதைக் கண்டார் என்று கதை. நான் தூணின் முன்னால் நின்றேன். முகம் இல்லாத ஒன்றிடம் எங்கே பார்த்துக் கேட்பது என்று தெரியவில்லை. நடுவில் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கின் வெளிச்சம் கல்லில் ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் இருப்பதைப் போல ஒரு சுகம். எத்தனை நேரம் என்று பார்க்க மறந்துவிட்டேன்.

வெளிப் பிராகாரத்தில் ஒரு விவசாயி தலைச்சுமையாகக் கொண்டுவந்த நெல்லைக் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தார். அறுப்பு முடிந்ததும் முதல் நெல்லைப் பெருமாளுக்குக் கொண்டுவந்து கொடுப்பது இங்கே வழக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கால் விரலிடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

"வெளையலேன்னா?" என்று கேட்டேன். வயதானவன் என்பதால் இப்படிக் கேட்க முடிகிறது.

"அப்பயும் கொண்டாந்து குடுப்போங்க. கொஞ்சமா."

"பெருமாள் கைவிட்ட வருசமும்?"

"அவரு எங்க கைவிட்டாரு? மழைதான் விட்டுச்சு." சாக்கை உதறினார். "சார் வெவசாயம் பாத்ததில்லபோல. நல்ல நெல்லா, பொறுக்கு நெல்லா எடுத்துச் சேத்துல கொண்டுபோயி எறியிறமே, அது என்ன கணக்குங்க? சோறு வடிச்சாலாவது அன்னைக்குப் பசி தீரும்."

"அது அனுபவம். போன வருசம் மொளச்சுது, இந்த வருசமும் மொளைக்கும்னு தெரியும்."

"போன வருசம் மொளைக்கலையே," என்று சிரித்தார். "ஆனாலும் எறிஞ்சேன்."

அவருடைய பெயரையும் கேட்டேன். கலியபெருமாள். ஏற்கெனவே சொன்ன நான்கில் அவரும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் கலியமூர்த்தி மங்கையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டு, "நர்சம்மா, பின்னாடி காலை நீட்டிக்குங்க. வண்டி குலுங்கும்," என்றார். "ஏன், நீ ரோட்டுல ஓட்ட மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். மடியில் ஈரத்துணியில் சுற்றிய பூக்கள். வீட்டுச் செடியில் அவளே பறித்த செவ்வரளி இரண்டு, நந்தியாவட்டை இரண்டு. ஒன்று வாடினால் மாற்றாக இன்னொன்று.

ஓட்டுநரின் முன்னால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருள் கல் இருந்தது. உள்ளங்கை அளவு. ஆட்டுக்கிடாயின் கொம்பைச் சுருட்டி வைத்ததைப் போல. மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்.

"இது எங்க கெடைச்சது?"

"சுண்ணாம்புக்கல் தோண்டுற எடத்துலங்க. கடல்ல இருந்த நத்தையாம். கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி இங்க பூராக் கடலுன்னு காலேஜுப் புள்ளைங்க வந்து சொன்னாங்க."

"உண்மைதான்."

"யாரு சார் பாத்தா?"

"பாக்க வேண்டியதில்லை. இந்தக் கல்லே சாட்சி."

"அதத்தான் சார் நானும் கும்புடுறேன்," என்றார் கலியமூர்த்தி. பின்னால் மங்கை சிரித்தாள். சிரித்துவிட்டு மூச்சுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

அரியலூரைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சரானது. கலியமூர்த்தி சக்கரத்தை மாற்றும்வரை புளியமரத்தடியில் நின்றோம். சாலைக்கு அந்தப்புறம் வெட்டிய சுரங்கம் படிப்படியாக இறங்கி, அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வெள்ளைத் தூசு எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது: மர இலைகளில், வேலியில், மங்கையின் நரையில். நாங்கள் இருவரும் கடலின் அடியில் நிற்பதாக ஓர் எண்ணம் வந்தது. மேலே எத்தனையோ பனை உயரத்துக்கு நீர். அதில் சுருள் நத்தைகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நீர் போனபோது அவை எதை நம்பிக்கொண்டிருந்திருக்கும்?

"என்னண்ணே, வாயத் திறந்துக்கிட்டு நிக்குற? தூசி போவுது," என்றாள் மங்கை.

கோயில் தார்ச்சாலையிலிருந்து இருநூற்றுப் பதினான்கு எட்டு உள்ளே. மங்கைக்கு அது ஒன்பது நிறுத்தம். கூரையில்லாத ஒரு கருங்கல் மேடை. மூன்றடி உயரத்தில் செல்லியம்மன். ஒரு பக்கம் அரளிப் புதர். புதரை ஒட்டி, மோட்டார் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் வாழைத் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மங்கைக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை. புதரைச் சுற்றிக் கீழ்ப்புறம் போய், ஒரு கல்லில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். இங்கிருந்து பார்த்தால் அவள் தெரியவில்லை.

பூசாரி ஒல்லியான மனிதர்; என் வயது இருக்கும். செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து இரண்டு துண்டும் கொஞ்சம் நூலும் கொடுத்தார். "கேக்குறவங்க கட்டக் கூடாது. கூட வந்தவங்கதான் கட்டணும். ஒண்ணுல செவப்பு, ஒண்ணுல வெள்ள. கட்டுனவருக்கே எது எதுன்னு தெரியாத மாதிரிக் குலுக்கிக் கொண்டாங்க."

"நீ கட்டுண்ணே," என்று புதருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "உன் கணக்குதான் சுத்தமா இருக்கும்."

காகிதங்களை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனேன். ஈரத்துணியைப் பிரித்தேன். சிவப்பு இரண்டு, வெள்ளை இரண்டு. ஒரு பொட்டலத்தில் சிவப்பை வைத்து மடித்தேன். அடுத்ததில் நந்தியாவட்டையை வைத்தேன். இரண்டில் ஒன்று. சரிபாதி. முப்பத்தாறு வருடத்தில் சரிபாதி வாய்ப்புள்ள எதற்கும் நான் கையெழுத்திட்டதில்லை. ஆயிரம் பேரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். இந்த ஒருத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பதைத் தவிர.

அந்த நந்தியாவட்டையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னொரு செவ்வரளியை வைத்து நூல் சுற்றினேன். கையில் வெள்ளைப் பூ இரண்டும் மிஞ்சின. சட்டைப்பையில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று தண்ணீரில் போட்டேன். அவை சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல் போயின.

பகுத்தறிந்துதான் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிமிர்ந்து அம்மனின் முகத்தைப் பார்த்தபோது, "மன்னிச்சுக்க," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் இல்லை என்று உறுதியாக இருக்கும் ஒருவன் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறான்?

பொட்டலங்களை அம்மனின் காலடியில் வைத்தார்கள். மங்கையும் மெதுவாக வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். எடுக்கச் சின்னக் குழந்தை வேண்டும். வாழைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையோடு வந்தாள். குழந்தையை மேடையில் இறக்கிவிட்டாள்.

"எடு கண்ணு. ஒண்ணே ஒண்ணு எடு," என்றார் பூசாரி.

குழந்தை இரண்டையும் எடுத்தது. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. இடது கையில் இருந்ததை வாயில் வைத்தது.

"ஏ, ஒண்ண விடுடி!" என்றாள் தாய்.

"ரெண்டு கையும் ஒரே நேரத்துலல்ல போச்சு," என்றார் கலியமூர்த்தி, நடுவர் போல.

பூசாரி தலையைச் சொறிந்தார். "இப்புடி இதுக்கு முன்னாடி நடந்ததில்லையே. சரி, ரெண்டையும் பிரிச்சுப் பாப்போம். எது முன்னால பிரியுதோ..."

இரண்டையும் பிரித்தால் முடிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். புள்ளியியல் ஒன்றும் நாவில் வரவில்லை.

"வேணாங்க," என்றாள் மங்கை. "வலது கையில இருக்குறதே போதும். சோத்துக் கைதானே எப்பயும் முந்தும். இன்னொண்ண எங்கிட்டக் குடுங்க, தண்ணியில விட்டுடுறேன்."

பூசாரி ஒப்புக்கொண்டார். வலது கைப் பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வரளி.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று சத்தமாகச் சொன்னார். மங்கை இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள். வாயிலிருந்து பிடுங்கிய ஈரப் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணீரில் விடவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

தா.பழூர்க் கடைத்தெருவில் கலியமூர்த்தி காரை நிறுத்திவிட்டுத் தேநீர் வாங்கப் போனார். நாங்கள் பின்இருக்கையில் இருந்தோம். உச்சி வெயில். தெருவில் நிழல் என்று ஒன்று இல்லை.

மங்கை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "பிரிக்கட்டுமா?"

நான் வெளியே பார்த்தேன். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பியபோது அவள் உள்ளங்கையில் செவ்வரளி இருந்தது. கொஞ்சம் கசங்கி, குழந்தையின் எச்சிலோடு.

"தப்புதான்," என்றேன்.

"வாய்க்கால்ல கால விட்டு உக்காந்திருந்தேன்ல. வெள்ளப் பூ ஒண்ணு பின்னால ஒண்ணா மெதந்து வந்துச்சு. ரெண்டும். மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எந்திரிச்சு வந்து, நாலு பேரு முன்னாடி உன்னய ஏசணும்னு இருந்துச்சு. எந்திரிக்க மூச்சு இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் உக்காந்து யோசிச்சேன். பஸ்ல வண்டிய எண்ணுறவன், தட்டுல வெங்காயத்த எண்ணுறவன். ஒரு எண்ணு தப்புனா அன்னைக்குச் சோறு எறங்காது. அப்படிப்பட்டவன் ஆத்தா முன்னாடியே பொய்க்கணக்கு எழுதியிருக்கான்னா..." முடிக்காமல் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செவப்பு மெதந்து வந்திருந்தா?"

"வூட்டுக்குப் போயிப் படுத்திருப்பேன்."

"அம்மனை ஏமாத்துனதா உனக்குத் தோணலையா?"

"அந்தப் பூவ என் காலுகிட்ட அனுப்புனது யாரு?"

"வாய்க்கால் அந்தப் பக்கம் சரிவு மங்கை. தண்ணி அங்கதான் போகும்."

"என்னய அங்க உக்கார வச்சது?"

"உனக்கு மூச்சு வாங்குச்சு, உக்காந்த."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க நீ," என்றாள். கோபமில்லை. "முப்பத்துநாலு வருசம் ஊசி போட்டேண்ணே. 'புள்ளைக்குக் காய்ச்சல் வருமா நர்சம்மா, ஒண்ணும் ஆயிடாதே'ம்பாளுவ. எங்கிட்டயும் அட்டவணை இருந்துச்சு. ஒருத்திகிட்டயும் நான் அதச் சொன்னதில்ல. 'போட்டுக்க, சாயங்காலம் நான் வந்து பாக்குறேன்'னு சொல்வேன். போயும் பாப்பேன். அதுக்குத்தான் கைய நீட்டுனாளுவ. மூணு மாசமா நான் உங்கிட்ட அதத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் நம்பியது அம்மனையா, பூவையா, என்னையா என்று கேட்க நினைத்தேன். அவளைப் பொறுத்தவரை அவை மூன்று அல்ல என்று தோன்றியது. நான் இரண்டு சிவப்பை வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் கை அந்த வெள்ளையை எடுத்தபோது எந்தக் கணக்கும் நினைவில் இல்லை என்பதும் உண்மை.

"இப்பச் சொல்லு," என்றாள் மங்கை. "செஞ்சுக்கட்டுமா?"

"செஞ்சுக்க. புதன்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். உன்ன வெளிய கொண்டாற வரைக்கும் அந்த வாசல்லயே இருப்பேன்."

அவள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உறங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"இதச் சொல்ல உனக்கு ஒரு அம்மன் வேண்டியிருந்துச்சு," என்றாள்.

கலியமூர்த்தி தேநீரோடு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். மங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னப்பா இது, சக்கரையே இல்ல. போயி நல்லாப் போட்டு வாங்கிட்டு வா. எனக்கு இன்னும் நாளு கெடக்குல்ல."